ஜரிகைக்குப் பக்கத்தில் பற்றவைத்த ரேடியோ

"நீயா கட்டப் போற? அண்ணன் தம்பி யாராவது இருந்தா வரச் சொல்லும்மா. சாமான் வீணாப் போயிடும்" என்றார் ரேடியோ சாமான் விற்கும் கடைக்காரர்.

நான் கேட்டது இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு ஃபெரைட் கம்பி, சில கண்டன்சர்கள், காதில் வைத்துக் கேட்கும் ஒரு இயர்ஃபோன். ஒன்றின் பெயரையும் தப்பாகச் சொல்லவில்லை.

"அண்ணன் தம்பி இல்லீங்க. இருந்தாலும் நான்தான் அவங்களுக்குச் சொல்லிக் குடுத்திருப்பேன்" என்றேன்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் பள்ளி இறுதி வரை படித்த முதல் ஆள் நான். அப்பா பட்டு நெய்கிறவர். எட்டாவதோடு என்னை நிறுத்தித் தறியில் உட்காரவைக்கச் சொல்லி அத்தையும் பெரியப்பாவும் வந்து பேசியபோது, "தறிக்குக் கூலி ஆள் வெச்சிக்கிறேன், அவ படிக்கட்டும்" என்று சொன்னவர். அதனால் நான் செய்கிற எதுவும் சரியாகத்தான் இருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

காயில் என்ற கம்பிச் சுருளைச் சுற்றும் வேலை எனக்குச் சுலபமாக வந்தது. சின்ன வயதிலிருந்து ராட்டையில் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிய கை. ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறாமல், இடைவெளி விடாமல், செம்புக் கம்பி தானாகப் படிந்து உட்கார்ந்தது. முனையில் இருக்கும் எனாமலைப் பிளேடால் சுரண்ட மறந்ததால் முதல் முறை ஒன்றும் கேட்கவில்லை. புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லோரும் இதில் ஒரு தடவை ஏமாறுவார்கள். கம்பி பளபளவென்று செம்பாகத்தான் தெரியும், ஆனால் மேலே பூச்சு இருக்கும். டிரான்சிஸ்டரின் காலைப் பற்றவைக்கும்போது குறட்டால் பிடித்துக்கொள்ள வேண்டும். சூடு குறட்டுக்குப் போய்விடும், டிரான்சிஸ்டர் பிழைக்கும். இவை எல்லாம் பள்ளி நூலகத்துப் பத்திரிகையில் படித்தவை. அதே பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. ரேடியோ வேலைக்கு ரோசின் என்ற பிசின் உள்ள ஈயத்தைத்தான் பயன்படுத்த வேண்டும், பாத்திரம் பற்றவைக்கும் திராவகத்தைத் தொடக் கூடாது என்று.

ரோசின் ஈயம் பாதி வேலையில் தீர்ந்துவிட்டது. கடைக்குத் திரும்பப் போனால் அந்த மனிதர், "நான் சொன்னேனில்ல" என்று பார்ப்பாரே என்று தோன்றியது. குடத்துக்கு ஈயம் வைக்கிறவரிடம் ஒரு சின்னப் பாட்டிலில் திராவகம் வாங்கிவந்தேன். முடித்த பிறகு நன்றாகத் துடைத்துவிட்டால் போதும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் மின்சாரம் வருகிற இடம் ஒன்றே ஒன்று, தறிக்கு மேலே தொங்கும் பல்பு. பல்பைக் கழற்றி, அந்த ஹோல்டரில் சால்டரிங் அயர்னின் ஒயரை மாட்டினால்தான் உண்டு. அதனால் அப்பா வெளியே போகிற நேரம் பார்த்து, தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்து வேலை செய்வேன். அது ஐப்பசி. சாரல் அடித்துத் தறியில் கட்டிய பாவு நூல் நனையாமலிருக்கக் கதவையும் ஜன்னலையும் அடைத்து வைத்திருந்தோம். அயர்னைத் திராவகத்தில் தொட்டு எடுக்கும் ஒவ்வொரு தடவையும் வெள்ளைப் புகை எழும்பியது. மூக்கு எரிந்தது. என் பக்கத்திலேயே தறியில் பாதி நெய்த கல்யாணப் புடவை. தட்டில் ஜரிகை சுற்றிய தார்கள். அவற்றைத் துணி போட்டு மூட வேண்டும் என்பது தறி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் குழந்தைக்குக்கூடத் தெரியும். கூரைக் கண்ணாடி வழியே வந்த கொஞ்ச வெளிச்சத்துக்கு இடைஞ்சலாக இருந்த அந்தத் துணியை நான்தான் ஒதுக்கி வைத்திருந்தேன்.

கட்டி முடித்த ரேடியோ பாடவில்லை, பேசியது. நெற்பயிரில் குருத்துப்பூச்சியை எப்படித் தடுப்பது என்று ஒருவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா இயர்ஃபோனைக் காதில் வைத்துக் கேட்டு, "நமக்கு நெலமே இல்லியே, இத ஏன் நம்மகிட்ட சொல்றாரு?" என்றாள். அப்பா வெகுநேரம் கேட்டார். தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

புடவையைத் தறியிலிருந்து அறுத்து விரித்த அன்று கரையில் மஞ்சள் மங்கியிருந்தது. சில இடங்களில் அடுப்புப் புகை படிந்த மாதிரி கறுப்பு. அப்பா துணியால் ஒற்றிப் பார்த்தார், போகவில்லை. எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனார். எங்களுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்கிறவர் அவர். திரும்பி வந்தபோது கையில் பட்டு மட்டும் இருந்தது. ஜரிகை இல்லை.

அங்கே நடந்ததை எதிர்வீட்டு நெசவாளர் வந்து அம்மாவிடம் சொன்னார். "கல்யாண வீட்டுக்காரன் வாங்கலியாம். முதலாளி எல்லார் எதிர்லயும் சொல்லிட்டாரு. ஒன் கை வேர்வை ஜரிகைக்கு ஆவாதுபா, வயசாவ வயசாவ சில பேருக்கு அப்படி ஆயிடுது, இனிமே நூல்கரை நெய்யின்னு."

ஜரிகைக்கு ஆகாத கை என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் வேறு எந்த முதலாளியும் ஜரிகை தரமாட்டார். வெறும் நூல்கரைக்குக் கூலியும் குறைவு. மறுநாள் அப்பா தறிக்குழியில் இறங்குவதற்கு முன் சீயக்காய் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினார். நெய்ய இருந்தது ஜரிகையே இல்லாத புடவை. ஆனாலும் நடுவில் எழுந்து போய் மறுபடி கழுவினார். முகர்ந்து பார்த்தார். தன் கையைப் பற்றி முதலாளி சொன்னதை அவர் நம்பிவிட்டார்.

அந்த வாரம் என் குறட்டை எடுத்தேன். திராவகப் பாட்டிலின் பக்கத்தில் வைத்திருந்தது. தண்ணீர் படாமலே முழுவதும் துருப்பிடித்திருந்தது. தறிக்கால் ஆணிகளைப் பார்த்தேன். நான் உட்கார்ந்த பக்கத்து ஆணிகள் மட்டும் சிவந்திருந்தன. இரும்பை அப்படிச் செய்த புகை ஜரிகையை என்ன செய்திருக்கும் என்று யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லை.

அப்பாவிடம் சொன்னேன். நான் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "அப்ப கை இல்ல" என்றார். பிறகு, "வெளிய சொல்லாத" என்றார்.

"ஏம்பா?"

"பொண்ணப் படிக்க வெச்சான், அது தறியக் கெடுத்துதுன்னு பேசுவானுங்க. அதுக்கு என் கைன்னே இருக்கட்டும்."

நானும் ஒப்புக்கொண்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. தெருவில் இன்னமும் ரேடியோ கட்டின பெண் நான். அப்பாதான் கை ஆகாதவர். அவர் நூல்கரை நெய்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் இயர்ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிடுவேன். ஒருநாள் அத்தை வந்து, "எங்க வீட்டுக்காரரு கையும் அப்படித்தான் ஆச்சி, பாவம்" என்று அப்பாவைத் தேற்றினாள். அவர் தலையை ஆட்டினார். அதற்கு மேல் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வாயால் சொன்னால், அப்பனைக் காப்பாற்றப் பெண் பேசுகிறாள் என்பார்கள். அதனால் முதலாளி வீட்டுக்கு மூடியுள்ள மூன்று கண்ணாடிப் பாட்டில்களை எடுத்துக்கொண்டு போனேன். அவரிடமே துண்டு ஜரிகை கேட்டேன். ஒரு பாட்டிலில் அப்பா வேர்வை துடைத்த துண்டின் ஓரத்தோடு ஜரிகையை வைத்தேன். இன்னொன்றில், கடைக்கு மறுபடி போய் வாங்கிய ரோசின் ஈயத்தை உருக்கி அதன் புகையைப் பிடித்தேன். மூன்றாவதில் திராவகத்தின் புகை. மூன்றிலும் ஜரிகையோடு கொஞ்சம் ஈரம்.

"இன்னாமா இது, மருந்து கடை வெக்கிறியா?" என்றார் முதலாளி.

"மூடி வையுங்க. நாளைக்கு வந்து நீங்களே திறங்க."

மறுநாள் அவர் ஜன்னலோரம் போய், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். துண்டோடு இருந்ததும் ரோசின் புகையில் இருந்ததும் மஞ்சளாகவே இருந்தன. மூன்றாவது, எங்கள் புடவையின் கரையைப் போலவே கறுத்திருந்தது. அதை நகத்தால் சுரண்டினார்.

"இத யாரு அங்க கொண்டாந்தது?"

"நான்தாங்க. ரேடியோவுக்குப் பத்தவெக்க. எங்கப்பாவுக்கு அப்போ தெரியாது."

அவர் பாட்டிலை மூடிக் கீழே வைத்தார். "சரி, ஒங்கப்பன வந்து ஜரிகை வாங்கிக்கினு போகச் சொல்லு" என்றார்.

"அது போதாதுங்க. நீங்க சொன்னது எல்லார் எதிர்லயும்."

"நான் மாத்திச் சொன்னா, அழுவற பொண்ணுக்கு எரக்கப்பட்டேன்னு சொல்லுவானுங்க. புடவை குடுக்கற நாள் எல்லாரும் வருவாங்க. நீயே சொல்லேன். தைரியமிருக்குதா?"

இன்று ரேடியோ கட்டப் பழகுகிறவர்கள் என்னிடம் கேட்டால் நான் சொல்வது இதுதான். திராவகம் உள்ளே வரக் கூடாது, தறி வீடாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். ரோசின் ஈயம் தீர்ந்தால் வேலையை நிறுத்திவிடுங்கள். புகை வருகிற வேலையைக் கதவைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், முடியாவிட்டால் வெயில் வரும்வரை காத்திருங்கள். வீட்டில் இருப்பவர்கள் எதை மூடிவைக்கிறார்களோ, அதை நீங்கள் திறக்காதீர்கள். எவ்வளவு சரியாகக் கட்டியிருந்தும், அந்த ரேடியோவில் திராவகம் தொட்ட இணைப்புகள் பச்சை பூத்து ஒவ்வொன்றாக விட்டுப்போயின. எல்லாவற்றையும் பிரித்து, கம்பியின் முனைகளை வெட்டி, கொல்லையில் உட்கார்ந்து கரி அடுப்பில் காய்ச்சிய செம்புக் கோலால் மறுபடி பற்றவைத்தேன்.

புடவை கொடுக்கும் நாள் காலையில் அப்பாவிடம் சொன்னேன், "முதலாளி வீட்டுக்குப் போயிட்டு வந்தேம்பா. இன்னிக்கு நானும் வரேன்." அவர் முகம் மாறியது. "சொல்லாதேன்னேனே" என்றார். "நீ படிக்கவெச்சதாலதாம்பா அது என்னன்னு எனக்குத் தெரிஞ்சிது. அதையும் சேத்துத்தான் சொல்லப் போறேன்" என்றேன். அவர் புடவைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நடந்தார்.

முதலாளி வீட்டுக் கூடத்தில் நெசவாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தையின் வீட்டுக்காரரும் இருந்தார். அப்பா வாசலிலேயே தயங்கி நின்றார். நான் அவரைக் கடந்து உள்ளே போய், மூன்று பாட்டில்களையும் அவர்கள் நடுவில் வைத்து, கறுத்ததைக் கையில் எடுத்தேன்.