லாட்விய மொழியில் ஒரு சீட்

அடுத்த மாதம் லாட்வியாவுக்குப் படிக்கப் போகிறேன். இன்று கரியாலூர் பஸ்ஸில் உட்கார்ந்து, போனில் அந்த மொழிப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன். பாடமும் பஸ் பயணம் பற்றித்தான்.

"வை ஷீ வியெதா இர் பிரீவா?"

திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் மடியில் மூட்டையோடு இருந்த அக்கா என்னையே பார்த்தார்.

"இன்னாம்மா சொல்லிக்கினு வர்ற?"

"'இந்த சீட்டு காலியா'ன்னு அந்த ஊரு பாஷையில கேக்கறேங்க்கா."

"கேட்டுக்கினு நின்னா எவன் குடுப்பான்? நீயே கள்ளக்குறிச்சில ஜன்னல் வழியா துப்பட்டாவ போட்டுத்தான இந்த சீட்ட புடிச்ச?"

போனில் பாடத்தை நிறுத்தினேன்.

லாட்வியாவில் இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள். அங்கே பஸ் ஜன்னலைத் திறக்க முடியுமா?