ருபார்ப் தண்டும் கருவாட்டுக் குழம்பும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு பிறந்தநாள். கேக் இல்லை. மெழுகுவத்தி இல்லை. பிறந்தநாள்காரரும் இல்லை.

விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

என் கணவரின் அக்கா பிரான்சில் இருக்கிறார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணமாகி அங்கே போய் முப்பது வருஷம். அவருடைய வீட்டுக்காரருக்குப் பாகூர் பக்கம்; அவரை அண்ணன் என்பேன். போன வருஷம் காலமாகிவிட்டார். அவர் போன பிறகு வரும் அவருடைய முதல் பிறந்தநாளைத் தனியாகக் கழிக்க முடியாமல், அண்ணி உறுவையாறுக்கு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

வந்ததும் பெட்டியைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் கையில் கொடுத்தார்.

"ஃபிரிஜ்ஜில வை கலா. உங்க அண்ணன் வெச்ச செடி. ருபார்ப்பு."

பிரித்துப் பார்த்தேன். சிவப்புச் சிவப்பாகத் தண்டுகள், முழங்கை நீளத்துக்கு. இலையே இல்லை.

இது என்ன, எப்படிச் சமைப்பது என்று கேட்க வேண்டியதுதானே? கேட்கமாட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் கேள்வி கேட்டால், நான் பத்தாவதோடு நின்றது தெரிந்துவிடுமோ என்று ஒரு கூச்சம். தலையை மட்டும் ஆட்டுவேன். பாதி வாழ்க்கை தலையாட்டியே ஓடிவிட்டது...

ஞாயிறு காலையில் அண்ணி மைதா, வெண்ணெய், சர்க்கரை போட்டுப் பிசைந்து உருட்டி ஃபிரிஜ்ஜில் வைத்தார்.

"சாயங்காலம் தார்த் போடணும். வருஷா வருஷம் அவரு பொறந்த நாளுக்கு அவரே போடுவாரு. இந்த வாட்டி நான் போட்டுப் படைக்கணும்."

தார்த் என்றால் மாவைத் தட்டில் பரப்பி, மேலே பழம் அடுக்கி ஓவனில் சுடுகிற பலகாரம். அந்த அளவுக்கு எனக்குத் தெரியும். வீட்டில் நாலு ஆப்பிள் இருந்தது. ஆகவே ஆப்பிள்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அண்ணியும் என் கணவரும் வில்லியனூரில் ஒரு சொந்தக்காரரைப் பார்க்க பைக்கில் கிளம்பினார்கள். நான் மதியச் சமையலில் இறங்கினேன். அவ்வளவு தூரம் சுமந்து வந்த தண்டை வாட விடலாமா? பார்ப்பதற்குச் சேப்பங்கிழங்குத் தண்டு மாதிரியே இருந்தது. நம் பக்கம் அந்தத் தண்டை என்ன செய்வோம்? நாக்கு அரிக்காமல் இருக்கப் புளியைத் தூக்கலாகக் கரைத்து, கருவாடு போட்டுக் குழம்பு வைப்போம்.

வைத்தேன். ஒரு தண்டைக்கூட மிச்சம் வைக்கவில்லை. வெளிநாட்டுத் தண்டு, அரிப்பு அதிகமாக இருந்தால்? அதற்கும் சேர்த்து இன்னொரு உருண்டை புளி!

கொதி வந்ததும் தண்டைக் காணோம். எல்லாம் கரைந்து கூழாகிவிட்டது. ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். காது வரைக்கும் கூசியது.

வாசலில் பைக் சத்தம். அண்ணி நேராக வந்து ஃபிரிஜ்ஜைத் திறந்தார்.

"கலா, ருபார்ப்பு எங்க? நறுக்கி சக்கரையில ஊற வெக்கணும்."

"ஆப்பிள் இருக்குது அண்ணி..."

"ஆப்பிள் இன்னாத்துக்கு? தார்த்தே ருபார்ப்புலதான் போடணும்."

என் கண் அடுப்புக்குப் போனது. அவர் கண்ணும் பின்னாலேயே போனது. மூடியைத் திறந்தார். நெத்திலிக் கருவாடு ஒன்று மேலே மிதந்து வந்தது.

என் கணவர் எட்டிப் பார்த்தார். "அடிப்பாவி! பிளேன்ல வந்த சாமான கருவாட்டோட சேத்துட்டியா? வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டா இன்னாடி?"

எனக்கு அழுகை முட்டியது. அண்ணியோ ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்தார். முகம் சுளித்தது. கண்ணில் தண்ணீர் — புளிப்பாலா, வேறு எதனாலா? பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அவரு இந்தச் செடிய வெச்சதே இதுக்குத்தாண்டி! புளிச்சக்கீர மாதிரி புளிக்குதுன்னு வாங்கியாந்தாரு. ஒரே ஒரு வாட்டி கருவாடு போட்டுக் கொழம்பு வெச்சாரு. பக்கத்து வூட்டு வெள்ளக்காரம்மா வந்து, சாக்கட ஒடஞ்சிடுச்சான்னு கேட்டுது. எனக்கு மானமே போச்சு. இனிமே இத கொழம்புல போட்டா நான் ஊருக்குப் போயிடுவேன்னுட்டேன்."

"அப்புறம்?" — கேட்டது நானேதான்!

"அப்பறம் இன்னா? அந்தம்மா கிட்டயே தார்த் போடக் கத்துக்கினாரு. ஆனா ஒவ்வொரு பொறந்த நாளுக்கும் கேப்பாரு, இந்த வாட்டியாவது கொழம்பு வெக்கட்டான்னு. நான் வுடவே இல்ல கலா."

குடும்பத்தில் பெரிய பெரிய சண்டையெல்லாம் மறந்துபோகிறது. குழம்பில் எதைப் போடுவது என்கிற சண்டை மட்டும் ஆள் போன பிறகும் முடிவதில்லை, பார்த்தீர்களா?

பிசைந்த மாவை அண்ணி வீணாக்கவில்லை. வெறும் மாவையே தட்டில் பரப்பி, முள்கரண்டியால் குத்தி, எங்கள் சின்ன ஓவனில் ஓரம் சிவக்கச் சுட்டார். வெண்ணெய் வாசமும் கருவாட்டு வாசமும் ஒன்றாகக் கிளம்ப, தெருவில் போன இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

செல்போனில் அண்ணனின் போட்டோவை எடுத்து, டம்ளரில் சாய்த்து வைத்தார் அண்ணி. முதல் துண்டு அவருக்கு — மேலே நிறையக் குழம்பு ஊற்றி. பிறகு நாங்களும் உடைத்துத் தொட்டுக்கொண்டோம்.

"நல்லாவே இல்லக்கா," என்றார் என் கணவர்.

"எனக்குந்தான் நல்லா இல்லடா. பேசாம சாப்புடு."

நாங்கள் மூன்று பேரும் முகத்தைச் சுளித்துச் சுளித்துச் சாப்பிட, போட்டோவில் அண்ணன் மட்டும் ஜெயித்த ஆள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.