மகளோடு யானுக்கு இரண்டு முறை

இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாக எழுதுவது அருவிகளையும் மலைப்பாதைகளையும் பற்றி. இது அப்படிப்பட்ட பயணம் இல்லை. பதினாறு வயதாகும் என் மகள் தனுஷாவை, யான் என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மறுவாழ்வு இல்லத்துக்கு அழைத்துப் போனது. போன பள்ளி விடுமுறையில் நடந்தது. இதைக் கேள்விப்பட்டு, இதே நிலைமையில் இருக்கும் பெற்றோர் சிலர், "எப்படிப் போனீர்கள், பிள்ளை எப்படிச் சம்மதித்தாள்?" என்று கேட்டு எழுதியிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இது.

ஒரு வருடமாக வேப் என்னும் மின்சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். அதில் ஊற்றும் திரவத்தில் போதைப்பொருள் கலந்திருந்தது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பள்ளிக்குப் போவது நின்றது. ஒரு நாள் என் மனைவி வாசுகி அதைப் பிடுங்கப் போக, இவள் தள்ளிவிட, வாசுகியின் மணிக்கட்டு முறிந்தது. அரசாங்க மருத்துவமனை டாக்டர், மூன்று மாதம் எங்காவது தங்கிச் சிகிச்சை பெறுவது நல்லது என்றார். தனுஷா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "போகமாட்டேன்."

லங்காவிக்குச் சுற்றுலா போகிறோம் என்று சொல்லிக் காடியில் (காரில்) ஏற்றிவிடு என்றான் என் தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை.

"வந்து இடத்தப் பாரு. வேணாம்னா திரும்பிடுவோம்" என்றேன் அவளிடம்.

"சத்தியமா?"

"சத்தியமா."

பாடாங் செராயில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து யானுக்குச் சுமார் அறுபது கிலோமீட்டர். காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். வாசுகி வரவில்லை. நெடுஞ்சாலையில் குருன் வரை போனால் சீக்கிரம் சேரலாம். நான் சுங்கை பட்டாணி, பீடோங், மெர்போக், சிங்கிர் என்று பழைய சாலையைப் பிடித்தேன். நெடுஞ்சாலையில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது அல்லவா? நினைத்தது சரியாகத்தான் போனது. பீடோங் தாண்டியதும், "நிப்பாட்டுங்கப்பா!" என்று கத்தினாள். இறங்கிச் சாலையோரம் வாந்தி எடுத்தாள். செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடிவிடுவாளோ என்று நானும் இறங்கி நின்றேன். அவளே திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

மெர்போக்கில் பசியாறினோம். ரொட்டி சானாய், தே தாரிக், அவளுக்கு மைலோ ஐஸ், எல்லாம் பத்து ரிங்கிட்டுக்குள். அவள் ரொட்டியைப் பிய்த்துப் போட்டாளே தவிர சாப்பிடவில்லை. சிங்கிருக்குப் பிறகு வலப்பக்கம் ஜெராய் மலையும் இடப்பக்கம் வயல்களும் கூடவே வந்தன. வேறு நாளாக இருந்தால் படம் எடுத்திருப்பேன்.

இல்லம் வயல் ஓரத்தில் இருக்கிறது. பொறுப்பாளர் சாந்தி அக்கா அறைகளைக் காட்டினார். சுத்தமாக இருந்தன.

"போன் வச்சிக்கலாமா?" என்று கேட்டாள் தனுஷா.

"முடியாதும்மா. ஞாயித்துக்கிழமை அப்பா அம்மா வந்து பார்க்கலாம்."

"வெளிய போகணும்னா?"

"கேட் பூட்டித்தான் இருக்கும்."

தனுஷா என்னைப் பார்த்தாள். "பார்த்துட்டேன்பா. போலாம்." நேராகப் போய்க் காடியில் உட்கார்ந்துகொண்டாள்.

சாந்தி அக்கா என்னைத் தனியாக அழைத்தார். "அண்ணே, நாங்க பேசி இறக்கிக்கிறோம். இறங்குனதும் நீங்க கிளம்பிடுங்க. மொத நாள் எல்லாப் பிள்ளையும் இப்படித்தான்லா. ரெண்டு நாள் அழும், அப்புறம் சரியாயிடும்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அனுபவத்தில்தான் சொன்னார்.

வாசுகிக்குப் போன் செய்தேன். "விட்டுட்டு வந்துடுங்க. அவளோட ஒரே வீட்டுல இருக்க எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். தாய் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை. வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கடைசியில், "அவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்கா" என்று சாந்தி அக்காவிடம் சொல்லிவிட்டுக் காடியை எடுத்தேன்.

வீடு வந்ததும் தனுஷா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வாரமே தனுஷா காணாமல் போனாள். போலீசில் புகார் கொடுத்தோம். தெரிந்த வீடுகளையெல்லாம் தட்டினேன். "உங்க சத்தியம் இப்ப எங்க இருக்கு?" என்று வாசுகி கேட்டாள்.

மூன்றாம் நாள் மதியம், தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. "அப்பா, சிடாம் கிரியில இருக்கேன். கடை முன்னால. வந்து ஏத்திக்குங்க." போய்ப் பார்த்தபோது உதடு வெடித்து, காலில் செருப்பில்லாமல் நின்றாள். எங்கே இருந்தாய் என்று நான் கேட்கவில்லை. போலீசுக்கும் வாசுகிக்கும் தகவல் சொன்னேன்.

"வீட்டுக்குத்தானம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"வீட்டுக்குப் போய் அம்மாவ ஏத்திக்கலாம். அப்புறம் யானுக்கு."

"அங்க கேட்டைப் பூட்டுவாங்களேம்மா" என்றேன்.

"தெரியும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அன்னிக்கு நீங்க என்ன விட்டுட்டு ஓடிருவீங்கன்னு நெனச்சேன்."

இந்த முறை வாசுகி பின்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெடுஞ்சாலையிலேயே போனோம். எங்கும் நிறுத்தவில்லை. அன்று மாலை தனுஷா இல்லத்தில் சேர்ந்தாள்.

இப்போது ஏழாவது வாரம். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒரு ஞாயிறு அவள் அறையை விட்டு வெளியே வரவேயில்லை. கொண்டுபோன சோற்றைச் சாந்தி அக்காவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். அவள் காணாமல் போன அந்த இரண்டு இரவுகளை நினைத்து வாசுகி இன்னும் என்னை மன்னிக்கவில்லை. அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வேறு மாதிரி முடிந்திருந்தால் இதை எழுதும் நிலையில் நான் இருந்திருக்கமாட்டேன். அதனால் நான் செய்ததை அப்படியே செய்யுங்கள் என்று யாருக்கும் சொல்லத் துணியவில்லை.

சொல்லக்கூடியது இவ்வளவுதான். முதலில் டாக்டரைப் பாருங்கள். எந்த இல்லமானாலும் முன்கூட்டியே போன் செய்து விதிமுறைகளைக் கேட்டு, அதைப் பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள். போன் விஷயத்தை நான் கேட்டு வைத்திருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் சத்தியம், சமாதானம் எதையும் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். முதல் முறை போகிறவர்கள் பழைய சாலையிலேயே போங்கள். மாற்றுத் துணியும் பிளாஸ்டிக் பையும் கையில் இருக்கட்டும்.

இதை வெளியிடும் முன் அச்செடுத்து, போன ஞாயிறு அவளிடம் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டுப் பேனா கேட்டாள். தன் பெயரையோ வாந்தியையோ அடிக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். "தனுஷாவை இல்லத்தில் சேர்த்தோம்" என்று நான் எழுதியிருந்த இடத்தில் மட்டும் கோடு போட்டாள்.

"நீங்க சேர்க்கலப்பா," என்றாள். "நான்தான் சேர்ந்தேன்."

மாற்றிவிட்டேன்.