ஏரு பூட்டவே இம்புட்டு நேரமா?

காலையில் போனைத் திறந்தால் 'உங்களுக்குப் பிடிக்கலாம்' என்று ஒரு வீணைக் கச்சேரி, இரண்டு தத்துவச் சொற்பொழிவு, ஒரு போலந்துப் படம், ஒயின் ருசிப்பது எப்படி என்று ஒரு பாடம். முந்தின நாள் நான் தேடியது குக்கர் கேஸ்கெட் மாட்டுவது பற்றி. போனுக்கு என் முகம் தெரியாது, பாவம். ஜமாலுக்குத் தெரியும்.

ஜமால் கோரிப்பாளையத்தில் ஒரு மாடியில் டிவிடி வாடகைக் கடை வைத்திருந்தான். என் வயதுதான், ஆனாலும் வருகிற எல்லோரும் அவனுக்கு அண்ணன். நான் அப்போது காளவாசலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். கல்யாணம் ஆகவில்லை, ஒற்றை அறை. ஸ்பிரிட் வாசனையோடு படியேறினால் ஜமால் படத்தைப் பற்றிப் பேசவே மாட்டான். "மதியம் சாப்ட்டீங்களாண்ணே? மூஞ்சி சுருங்கிக் கெடக்கு" என்பான். பதிலைக் கேட்டுவிட்டுத்தான் அலமாரியில் கையை விடுவான். இத்தாலிப் படம் வரும், நாகஸ்வரம் வரும், மூலையில் அடுக்கியிருந்த பழைய புத்தகங்களிலிருந்து தத்துவம்கூட வரும். "ஒயின் மட்டும் நம்ம டிபார்ட்மெண்ட் இல்லண்ணே" என்று சிரிப்பான்.

ஸ்பிரிட் வாசனை என்றதும் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிடுகிறது. அந்த வருஷம்தான் எழுமலையில் அப்பா கிணற்றடியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. பாதி வாழ்க்கை அடுத்தவர் காட்டில் கூலிக்குக் குனிந்தவர். சொந்தமாக ஒரு ஏக்கர் வாங்கி நாலாவது வெள்ளாமையில் இப்படி. அம்மா ஊரில் மாடுகளைப் பார்த்துக்கொள்ள, ஆபரேஷன் முடிந்து என் அறைக்கு வந்தவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எலும்பைக் கம்பி வைத்துச் சேர்த்தாயிற்று, இனி நடக்காவிட்டால் கால் சூம்பிப்போகும் என்றார் டாக்டர். அப்பா காலைத் தரையில் வைக்கவே இல்லை. பேசவும் இல்லை.

ஜமாலிடம் சொன்னேன். அலமாரியைத் துழாவி ஒரு நாகஸ்வர சிடி கொடுத்தான். அரை மணி நேரம் ஓடியது. அப்பா மெல்லத் திரும்பினார்.

"இந்தாளு எப்பப்பா பாட்ட ஆரம்பிப்பாரு?"

"இதுக்குப் பேரு ஆலாபனைப்பா."

"ஏரு பூட்டவே இம்புட்டு நேரமா?"

பத்து நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை. பல்லைக் காட்டிக்கொண்டு ஓடிப்போய் ஜமாலிடம் சொன்னேன். அடுத்து தத்துவம். நம் கையில் இல்லாததற்குக் கவலைப்படக் கூடாது என்ற தினுசில் ஒரு புத்தகம், நான் வாசிக்க அவர் கேட்டார். "இத எழுதுனவருக்கு மானாவாரிக் காடு இருக்கா?" என்றார். அதையும் ஜமாலிடம் ஒப்பித்தேன். எங்கள் நிலையத்து டாக்டர் வெளிநாடு போய்வந்து எல்லோருக்கும் ஒரு பாட்டில் ஒயின் கொடுத்திருந்தார். ரத்தம் ஊறும் என்று சொல்லி அதிலும் ஒரு டம்ளர் ஊற்றினேன். ரத்தத்தைச் சோதிக்கிறவன் சொல்கிற பேச்சா அது! ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "புளிச்ச நீச்சத்தண்ணி இதுக்குத் தேவலாம்" என்று தள்ளிவிட்டார்.

கடைசியாக ஒரு படம். எந்த நாடு என்றே தெரியாது, அட்டையில் இருந்த எழுத்து அப்படி. மலைக்காட்டில் ஒரு கிழவர் கழுதையை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறார், அவ்வளவுதான். அப்பா எழுந்து உட்கார்ந்தே பார்த்தார். கழுதை வெள்ளம் போகிற ஆற்றில் கால் வைக்கும்போது படம் நின்றுவிட்டது. துடைத்துப் போட்டேன், ஊதிப் போட்டேன். அங்கேயே நின்றது.

"தாண்டுச்சா இல்லையா?"

"நாளைக்கு ஜமால்கிட்டக் கேக்குறேன்பா."

மறுநாள் வேலை முடிந்து வந்தால் அறை பூட்டிக் கிடக்கிறது. அக்கம்பக்கம் ஓடி விசாரித்தேன். கீழ்வீட்டு அக்காதான், "அப்பா கம்பை ஊண்டிக்கிட்டு ஆட்டோவுல போனாரே" என்றார். டிவிடி உறையில் இருந்த கடை விலாசத்தைக் காட்டி வழி சொன்னாராம்.

கோரிப்பாளையத்தில் ஒரே ஓட்டமாகப் படியேறினேன். பதினோரு செங்குத்துப் படி. மேலே அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து ஜமாலை வறுத்துக்கொண்டிருந்தார்.

"சத்தியமா எனக்கும் அங்கனயே நின்னுபோச்சுங்கய்யா."

"பெறகு எந்தத் தைரியத்துல எம்மகன்ட்டக் குடுத்த?"

"அதுவரைக்கும் நல்லாருந்துச்சுல்ல?"

அப்பா அவனையே பார்த்தார். பிறகு சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

அப்புறம்தான் நான் கவனித்தேன், உறைகளின் மேல் ஜமால் சின்னச் சின்னச் சீட்டு ஒட்டியிருந்தான். 'எழுமலை ஐயா கருத்து: ஏர் பூட்ட நேரமாகும், பொறுமை வேணும்.' ஒன்றிரண்டு பேர் சீட்டைப் பார்த்தே எடுத்துப் போனார்களாம். அப்பாவுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். ஜமால் வாசிக்க வாசிக்க ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். தான் சொன்னதை யாரும் எழுதிவைத்து அவர் பார்த்ததில்லை. இறங்கும்போது என் தோளைப் பிடிக்கவில்லை, சுவரைத்தான் பிடித்தார். அடுத்த மாதம் எழுமலைக்குப் போய்விட்டார். காட்டுக்கும்தான்.

சில வருஷத்தில் டிவிடி யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. கடையை மூடும் நாளில் அப்பா பஸ் ஏறி வந்தார். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றான் ஜமால். "எனக்கு எதுக்கு? நீ வேற கடை ஏதாச்சும் வெச்சாச் சொல்லு தம்பி, வாரேன்" என்றார்.

ஜமால் திருச்சிக்குப் போய் மச்சானுடைய டைல்ஸ் கடையில் சேர்ந்தான். அப்பா போய் நாலு வருஷமாகிறது. இருந்தவரை மதுரைக்கு வரும்போதெல்லாம், சட்டையைக் கழற்றி மாட்டும் முன்பே கேட்பார்.

"ஜமாலு எதும் வெச்சானா?"

"இல்லப்பா."

"வெப்பான்."