விபூதிப் புதனில் கிடா விருந்து

வியாகுலத்துக்குப் பேரில்தான் துக்கம். ஆள் எப்போதும் சிரித்த முகம். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் அவள் ஊரில், வேதக்காரர் வீடானாலும் இந்து வீடானாலும் விசேஷம் என்றால் கறிக்குழம்புக்கு அவள் கைதான் வேண்டும். எண்பத்து நாலாம் வருசம் தோழி கோவிந்தம்மாள் வந்து, மகளுக்குக் காது குத்தி முனியப்பனுக்குக் கிடா வெட்டப்போகிறேன், நீதான் ஆக்க வேண்டும் என்றாள். இவளும் காலண்டரைப் பார்க்காமல் தலையாட்டிவிட்டாள். அந்தப் புதன்கிழமைதான் கிறிஸ்தவர்களுக்கு விபூதிப் புதன், நெற்றியில் சாம்பல் பூசித் தவசுக்காலம் தொடங்கும் நாள். ஒருவேளை மட்டும் உண்டு ஒருசந்தி இருக்க வேண்டும். கறி நாக்கில் படக்கூடாது.

அட, சொன்ன சொல்லை மாற்றலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வேதக்காரி ஆக்கினால் சாமி ஏற்குமா என்று கோவிந்தம்மாள் புருஷனின் அண்ணன் பெரியண்ணன் முறைத்துக்கொண்டிருந்தார். அவரை எதிர்த்துத்தான் கோவிந்தம்மாள் இவளை அழைத்திருந்தாள். குழம்பு கெட்டால் சொந்தபந்தம் முன்னால் அவள் தலைகுனிய வேண்டும்.

காலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு வியாகுலம் நேரே அடுப்புக்கு வந்தாள். பெரியண்ணன் பார்த்துவிட்டு, ஒருவழியாக நம் பக்கம் வந்துவிட்டாளா என்று கிண்டலடித்தார். எங்களுக்கும் வருசத்துக்கு ஒருநாள் விபூதி உண்டுங்கண்ணா என்று சொல்லிவிட்டு விறகைத் தள்ளினாள்.

மசாலாவை வாசம் பிடித்தே சரிபார்த்துவிட்டாள். உப்பு மூக்குக்குத் தெரியுமா? மெல்ல கோவிந்தம்மாளைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னாள். அவள் கரண்டியை வாங்காமல் கையை இழுத்துக்கொண்டாள்.

"நானும் ஒருசந்திதான் புள்ள. காது குத்தி முடியற வரைக்கும் வாயில ஒண்ணும் படக்கூடாது."

இருவரும் அண்டாவைப் பார்த்தார்கள். பிறகு புளியமரத்தடியில் குறை சொல்லிக்கொண்டிருந்த பெரியண்ணனைப் பார்த்தார்கள்.

"ஏனுங்கண்ணா, நீங்கதான் உப்புப் பாத்துச் சொல்லோணும்" என்றாள் வியாகுலம்.

அவர் ஒரு கரண்டி குடித்து, குறைகிறது என்றார். போட்டாள். இன்னொரு கரண்டி, கூடவே இரண்டு துண்டு தின்று, இப்போது சரி என்றார். பந்தியில் எல்லோரும் குழம்பைப் புகழ, உப்புப் பார்த்தது நான்தான் என்று இலைக்கு இலை போய்ச் சொல்லிக்கொண்டு திரிந்தார் அந்த மனுஷன்!

பொழுது சாய்ந்து வியாகுலம் கிளம்பும்போது, கோவிந்தம்மாள் தனிச்சட்டியில் ஆக்கிய களியும் கீரைக் கடைசலும் கொண்டுவந்து இரண்டு இலை போட்டாள்.

"உனக்குத்தான் ஒருசந்தி முடிஞ்சிருச்சே, கறி திங்கலையா?" என்றாள் வியாகுலம்.

"உன்னைய விட்டுட்டு எனக்கென்ன கறி? உக்காரு."

வியாகுலம் உட்கார்ந்தாள். சிலுவை போட்டுக்கொண்டு களியைப் பிட்டாள். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது, கீரையில் உப்பே இல்லை. கோவிந்தம்மாளும் ஒரு வாய் வைத்துப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு உப்பெடுக்க எழுந்தாள். வியாகுலம் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, இன்னோர் உருண்டை கேட்டு வாங்கித் தின்றாள்.