அண்ணி இறங்காத துறைமுகம்

கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆகிறது. இதுவரை என் வீட்டுக்காரரோடு ஒரு முழு நாள் தனியாக நான் வெளியூரில் இருந்ததில்லை. தோட்டத்து ஆபீஸில் இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கென்ன, அவர்கள் வீட்டில் என் அண்ணி இல்லை.

அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. மந்தின் டவுனைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு. பின்வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணியின் வீடு. அண்ணிக்குக் கல்யாணம் ஆகவில்லை. மாமியார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன காலத்தில் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அவன் படிக்க வேண்டும் என்று தன் படிப்பை நிறுத்திவிட்டுப் புல் வெட்டும் வேலைக்குப் போனவர். கெட்டவராக இருந்திருந்தால் முதல் வருடமே சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். இவ்வளவு நல்லவரிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது? வயிறு எரிவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

கல்யாணமான மறு வாரம் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனோம். அண்ணியும் வந்தார். தம்பிக்கு வேனில் வாந்தி வருமாம், பையைப் பிடிக்க அவருக்குத்தான் தெரியுமாம். அவர்கள் இரண்டு பேரும் முன்னால். புதுப்பெண்டாட்டி நான் பின்சீட்டில் புளிச்சோற்றுச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடற்கரையில் எடுத்த படத்தில் மூன்று பேரும் நிற்கிறோம். அந்தப் படத்தை நான் ஹாலில் மாட்டவில்லை.

இந்த வருட ஆரம்பத்தில் சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் மகன் போன் பண்ணினான். "இருவத்தஞ்சாவது வருசம்மா. ரெண்டு பேரும் கப்பல்ல போய்ட்டு வாங்க. எதுன்னு நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க." இரண்டு பேர்! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போனை வைத்துவிட்டு வீட்டுக்காரரிடம் ஓடினேன். நீலாய் பேக்டரியிலிருந்து அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக ஒன்று சொன்னார்.

"அக்காவையும் சேத்துக்கலாம் லா. பாவம், அது எங்க போயிருக்கு?"

உள்ளே போய்ச் சோற்றுப்பானை மூடியை ஓங்கி வைத்தேன். அந்தச் சத்தம்கூட அந்த மனுஷனுக்குக் கேட்கவில்லை.

சனிக்கிழமை மூன்று பேருமாகச் சிரம்பானில் ஒரு பயண ஏஜென்டைப் பார்க்கப் போனோம். சின்னப் பெண், கெட்டிக்காரி. இரண்டு படப் புத்தகங்களை எடுத்து மேசையில் விரித்தாள். இரண்டு கப்பலும் கிள்ளான் துறைமுகத்திலிருந்துதான் கிளம்புகின்றன, இரண்டும் புக்கெட் போகின்றன, ஆனால் இரண்டும் ஒன்றில்லை என்றாள்.

"ஆன்ட்டி, இது பெரிய கப்பல். லிப்ட் இருக்கு, நீச்சல்குளம், நாடக மேடை, வித விதமா சாப்பாட்டுக் கடை. ரூமும் பெருசு. ஆனா மத்தியானம் போய்ச் சேரும், சாயங்காலமே கெளம்பிடும். எறங்க லைன்ல நின்னு, ஏற லைன்ல நின்னு, ஊர்ல நிக்க நேரமே இருக்காது. இந்த இன்னொண்ணு பழைய கப்பல். ரூம் குறுகல், கீழ்த்தட்டுல எஞ்சின் சத்தம் கேக்கும். ஆனா விடிஞ்சதும் போய் நிக்கும், இருட்டுற வரைக்கும் நிக்கும். கப்பல்லயே இருந்து அனுபவிக்கணும்னா பெருசு. ஊரப் பாக்கணும்னா சின்னது."

வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. "பெருசுதான். அக்காவுக்கு முட்டி வலி, லிப்ட் வேணும். மூணு பேருக்கு ஒரே ரூமா கெடைக்குமா?"

கிடைக்குமாம். சுவரிலிருந்து மூன்றாவது கட்டில் ஒன்றை இழுத்து விடுவார்களாம். படத்தைக் காட்டினாள். எங்கள் இருபத்தைந்தாவது வருடத்துக்கு அண்ணி மேல்கட்டிலிலிருந்து எட்டிப் பார்ப்பதை நான் அந்தப் படத்தில் அப்படியே பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "யோசிச்சி சொல்றோம்," என்று எழுந்தேன்.

தோட்டத்தில் லாரி நிறுக்கும் இடத்தில் எடைக் கணக்கு எழுதும் கிராணி வேலை எனக்கு. குலை ஏற்றிய லாரி ஒன்று போய் அடுத்தது வருவதற்குள் கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்த வாரம் முழுக்க அந்த நேரத்தில் இரண்டு கப்பலையும்தான் நிறுத்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் பெரிய கப்பல்தான் பிடித்திருந்தது. மெத்தையைப் பார்த்தாலே தூக்கம் வந்தது. வாழ்க்கையில் ஒரு தடவை, யாரோ சமைத்து யாரோ கழுவுகிற இடத்தில் காலை நீட்டி உட்கார எனக்கு மட்டும் ஆசை இருக்காதா? ஆனால் பெரிய கப்பலில் வசதி எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் அண்ணியும் இருப்பார். லிப்டிலும் இருப்பார், நாடக மேடையிலும் இருப்பார். கரை அப்படியில்லை. கரையில் வெயில் அடிக்கும், நடக்க வேண்டும், மேடு ஏற வேண்டும். முட்டி வலிக்காரர் கப்பலிலேயே இருந்துவிடுவார். ஆக, கரையில் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் வீட்டுக்காரர் எனக்கு.

சந்தேகம் கேட்பது போல ஏஜென்ட் பெண்ணுக்குப் போன் பண்ணினேன். அப்போதுதான் அவள் அந்த விஷயத்தைச் சொன்னாள். புக்கெட்டில் அந்தச் சின்னக் கப்பல் கரையில் போய் நிற்காதாம். கடலிலேயே நங்கூரம் போட்டுவிட்டுச் சின்னப் படகுகளில் ஆட்களை இறக்கிக் கொண்டு போவார்களாம். "அம்மாடி, ஆடுமா?" என்று கேட்டேன். "கொஞ்சம் ஆடும் ஆன்ட்டி," என்றாள். அண்ணி சிரம்பான் ஏரிப் பூங்காவில் அன்னப்பறவை மாதிரி இருக்கும் மிதிபடகில்கூட ஏற மாட்டார். கரையில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருப்பார். எனக்கு அன்றைக்கு ஒரு லாரியின் எடையைத் தப்பாக எழுதும் அளவுக்குச் சந்தோஷம்.

வீட்டில் நான் பேசிய பேச்சை நினைத்தால் இப்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. பெரிய கப்பலில் ரூமிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தே முட்டி போய்விடும் என்றேன். சின்னக் கப்பலில் எல்லாம் கிட்டக் கிட்ட என்றேன். அவ்வளவு தூரம் போய்விட்டு ஊரைப் பார்க்காமல் குளத்தில் கால் நனைத்துவிட்டு வருவதற்குக் கப்பல் எதற்கு, போர்ட்டிக்சன் ஹோட்டலே போதுமே என்றேன். ரூம் குறுகல் என்பதால் அண்ணிக்கு வசதியாகத் தனி ரூம் என்றும் சேர்த்துச் சொன்னேன். படகைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்தார். அண்ணி என்னைப் பார்த்தார். "நீ சொன்னா சரியாத்தான் புள்ள இருக்கும்," என்றார்.

கிள்ளானில் ஏறினோம். முதல் நாள் பூராவும் கடல்தான். என்ன சொல்ல, அந்த ஒரு நாளிலேயே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் அண்ணி தட்டோடு போய்த் தம்பிக்குப் பிடித்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்தார். மீனில் முள் எடுத்துக் கொடுத்தார். ஐம்பத்தைந்து வயது ஆளுக்கு! பிறகு இருவரும் மேல்தட்டில் உட்கார்ந்து பழைய தோட்டத்துக் கதையை ஆரம்பித்தார்கள். வேலை வாங்கும் மண்டோரை நாய் துரத்தியது, தீமிதியன்று குழாயில் தண்ணீர் நின்றது. நான் கெமாஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்தவள். எனக்கு அந்த மண்டோரையும் தெரியாது, அந்த நாயையும் தெரியாது. அவர்கள் சிரித்தபோது நானும் சிரித்தேன். சிரித்துச் சிரித்து என் கன்னம்தான் வலித்தது.

"நாளைக்கு எறங்கணும், சீக்கிரம் படுங்க," என்று எழுந்து வந்துவிட்டேன். அவருக்கும் எனக்கும் ஒரே நீலத்தில் சட்டை வாங்கியிருந்தேன். அவருக்கே தெரியாது. அதை எடுத்து நாற்காலியில் மடித்து வைத்தேன்.

காலையில் கப்பல் நின்றது. தூரத்தில் மணலும் தென்னையும் தெரிந்தன. கீழ்த்தட்டுக் கதவருகே வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தது. கதவுக்கு வெளியே படகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணி அதைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஓர் அடி பின்னால் வந்தார்.

"என்னால முடியாது தம்பி. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

கடவுளே, நான் கேட்ட வார்த்தை! அதை நான் ஆயிரம் தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன். "சரி அண்ணி, பத்திரமா இருங்க," என்று சொல்லி வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்தேன். கை வரவில்லை.

"அக்காவத் தனியா விட்டுட்டு எப்படி லா?" என்றார் வீட்டுக்காரர். "நீ போய்ட்டு வா. நீதானே ஊரப் பாக்கணும், ஊரப் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நின்ன? நல்லா சுத்திப் பாரு. அவசரமே இல்ல, இருட்டுற வரைக்கும் டைம் இருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். படகுக்காரன் கையை நீட்டினான். எனக்கு வந்த ஆத்திரத்தில் திரும்பியே பார்க்காமல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். படகு விலகிய பிறகு பார்த்தேன். கதவில் அக்காவும் தம்பியும் நின்று எனக்குக் கை ஆட்டினார்கள்.

சாமி, கரையில் அந்த நாள் நகரவே இல்லை. எந்தக் கப்பல் அதிக நேரம் நிற்கும் என்று தேடித் தேடிப் பிடித்தவள் நான். நானே பிடித்த நேரத்தில் நானே தனியாக மாட்டிக்கொண்டேன். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் செருப்பும் மறு கையில் தண்ணீர்ப் போத்தலுமாக மணலில் நடந்தேன். எங்கே பார்த்தாலும் ஜோடிகள். கிழட்டு வெள்ளைக்கார ஜோடி, சீன ஜோடி, குழந்தையோடு வந்த, தமிழ் பேசும் ஒரு ஜோடிகூட இருந்தது. தனியாக நிற்கிறவளைப் பார்த்தால் எல்லாருக்கும் படம் எடுக்கச் சொல்லிக் கேட்கத் தோன்றும் போலிருக்கிறது. ஒருவர் பின் ஒருவராக வந்து போனைக் கையில் கொடுத்தார்கள். "இன்னும் கிட்ட நில்லுங்க," என்று சொல்லிச் சொல்லி எடுத்துக் கொடுத்தேன். அந்தத் தமிழ்ப் பெண், "ஒங்களையும் எடுக்கட்டுமாக்கா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

படகு வந்து போய்க்கொண்டேதான் இருந்தது. எப்போது வேண்டுமானாலும் திரும்பியிருக்கலாம். ஆனால் இரண்டு மணி நேரத்தில் திரும்பிப் போனால், "என்ன, அதுக்குள்ளயா?" என்று கேட்பாரே! அதற்காகவே வீம்புக்கு உட்கார்ந்திருந்தேன். ஒரு கடையில் சோறு வாங்கிப் பாதியில் வைத்தேன். கப்பல் மேல்தட்டில் இரண்டு பேரும் இப்போது எந்தக் கதையில் இருப்பார்கள், தட்டில் என்ன இருக்கும், முள் எடுத்தாகிவிட்டதா என்றுதான் யோசனை. அழுகை வந்தது. வெயில் கண்ணாடி போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது படகேறினேன். கப்பல் கதவிலேயே வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். "எங்க போன? இவ்ளோ நேரமா?" என்றார். நீங்கள்தானே அவசரமில்லை என்றீர்கள் என்று வாய் வரை வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மேல போய் அக்காகூட ஒக்காரு, சூடா தேத்தண்ணி கொண்டாறேன்," என்று போய்விட்டார்.

மேல்தட்டில் அண்ணி தனியாக உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"புள்ள, ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்காத," என்றார்.

"சொல்லுங்க அண்ணி."

"ஆடுற போட்டப் பாத்துப் பயந்தது நெசந்தான். ஆனா ஏற முடியாத அளவுக்குப் பயம் இல்ல. நீ கையப் புடிச்சிருந்தா ஏறியிருப்பேன். நான் ஏறலன்னா தம்பி எங்கூட நின்னுருவான்னு தெரியும். அதான் ஏறல. இன்னைக்கு ஒரு நாளாச்சும் அவன் என் தம்பியா மட்டும் இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

அடிப்பாவி மனுஷி, நீங்களுமா என்று நினைத்தேன். இந்தச் சாதுவுக்குள் இவ்வளவு கணக்கா?

"நெனச்சது நடந்துச்சா?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

"எங்க நடந்துச்சு? நீ போன போட்டு மறையற வரைக்கும் நின்னான். மறைஞ்ச பெறவும் நின்னான். சாப்புடக் கூப்புட்டேன், வரல. ஒவ்வொரு போட்டு வரப்பவும் கம்பியப் புடிச்சி எட்டி எட்டிப் பாக்குறான். 'தனியா போயிருக்கா, தண்ணி குடிச்சாளா, வெயில் தாங்க மாட்டா'ன்னு இதே பேச்சு. நானும் பழைய கதையெல்லாம் எடுத்து எடுத்துப் போடுறேன், அவன் காதுல ஒண்ணும் விழல. நீ வந்த நாள்லேருந்தே இப்படித்தான். எங்கூட ஒக்காந்திருப்பான், கண்ணு ஒங்கிட்ட இருக்கும். நான்தான் பாத்துக்கிட்டே இருக்கேனே."

மேசையில் இருந்த காகிதத்தை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

நான் அப்போது அந்தக் கையைப் பிடித்திருக்க வேண்டும். இத்தனை வருடம் வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி என்னைப் பார்த்து வெந்துகொண்டிருந்திருக்கிறாள் என்று மனம் இளகியிருக்க வேண்டும். ஆறுதலாக ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்க வேண்டும்.

"சாப்பாட்டுக்குக்கூடவா வரல?" என்று கேட்டேன்.

"வரல புள்ள."

"ஒவ்வொரு போட்டையுமா பாத்தாரு?"

அண்ணி அழுதுகொண்டே தலையை ஆட்டினார். நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"மொதல்லேர்ந்து இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணி," என்றேன்.