என் மூன்று அடி

“கேட்டியா தங்கச்சி, இப்ப சாவி யாரு கையில இருக்கணும்னுதான் சண்டையாம்! வேலைக்குப் போறவங்க கைப்புள்ளைகள விட்டுட்டுப் போற அந்தப் பழைய புள்ளக் காம்பராவ நாடகம் போடுற எல்லாருக்கும் பொதுவாக் குடுத்திருக்காங்கல்ல? நம்ம லயத்துப் புள்ளைகளும் வருது, தெஹியோவிட்டப் பக்கத்துச் சிங்களப் புள்ளைகளும் வருது. என் பேத்தி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியிறா. நான் செஞ்ச கூத்தக் கேட்டா சாவிய ஆத்துல வீசிருவாளுக. சிரிக்காத, பைப்புல தண்ணி வர்ற வரைக்கும் கேளு!”

அப்போது எனக்கு ஏழோ எட்டோ வயது. முன்பல் விழுந்திருந்தது, அது நிச்சயம். எங்கள் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் பழைய வீடு ஒன்று சும்மா கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாடகம் பழகுவதற்காக என் மாமா தோட்டத்துத் துரையிடம் நடையாய் நடந்து அதைக் கேட்டு வாங்கினார். கீழே கிராமத்தில் ஆடும் சிங்களவர்களுக்கும் பழக இடமில்லை. அவர்களையும் கூட்டிக்கொண்டார். பாதி வீட்டில் எங்கள் ராஜா கர்ஜிப்பார், மறு பாதியில் அவர்களுடைய பேய் ஆடும். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மத்தளம். வீடு திரும்பும்போது எல்லோர் முதுகிலும் ஒரே புகைக்கரி. அவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவளை, அவர்கள் பாஷையில் அக்கா என்று, ‘அக்கே’ என்போம். எங்கள் ராணிக்குச் சேலை கட்டிவிடுவதும் அவள்தான்.

எனக்கு ஒரே ஒரு வேலை. ராஜா வரும்போது மூன்று தடவை மணி அடிக்க வேண்டும். மணி என்றால் தகரத் தட்டும் கரண்டியும். அதுவும் ஒரு சத்தமா? ராஜாவைச் சோறு தின்னக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. எனக்கு ஒரு இடத்தில் கால் தரிக்கவில்லை. வெளியே ஸ்டோர் வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

மழையில் கெட்ட நாளுக்கு ஈடாக அந்த ஞாயிற்றுக்கிழமையும் பால் வெட்டு. மரத்தை வெட்டிவிட்டால் சிரட்டையில் பால் சொட்டி நிறைய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். நிறைந்ததும் அந்தத் தண்டவாளத்தில் மூன்று அடி விழும். பால் எடுக்கச் சொல்லும் சத்தம் அது. இது எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் ராஜா வந்துகொண்டிருந்தாரே! ஓடிப்போய்ச் சுத்தியலை எடுத்து விட்டேன் மூன்று அடி.

அடடா, என்ன சத்தம்! அரைச் சிரட்டைப் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு மலையே இறங்கி வந்தது. பின்னாலேயே மலை வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் ஐயா.

“எவன்டா அடிச்சது? மத்தியானம் வரைக்கும் சொட்டுற பாலு பூரா மண்ணுக்குப் போச்சே! சாவியக் குடு. நாளையிலருந்து ஒனக்கு மேல்மலதான், முட்டி கழண்டுரும் பாரு!” என்று மாமாவைப் பார்த்துக் கத்தினார்.

‘நான்தான்’ என்று பெருமையாகச் சொல்ல நான் வாயெடுத்தேன். அக்கே என்னைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னே போனாள்.

“மாத்தயா, அது நான்தானே அடிச்சது. எங்க கிராமத்துல அப்பிடி மணி இல்லதானே, தெரியாமப் போச்சு.”

கண்டக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மேல்மலைக்கு மாற்ற அவள் தோட்டத்து ஆள் இல்லை. “நீ இனிமே இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சாவி மாமா கையிலேயே இருந்தது.

எனக்கு வந்த கோபம்! என்னுடைய மூன்று அடியைத் தன்னுடையது என்று சொல்லிவிட்டாளே!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. எல்லோரும் உள்ளே இருந்தோம். அவள் மட்டும் வெளியே, தலைக்கு மேல் வாழையிலையைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தன் ஆட்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தாள். மாமா மத்தளத்தை ஜன்னலோரம் நகர்த்தினார். பொய் சொன்ன வெட்கத்தில்தான் உள்ளே வராமல் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

“நங்கி, கோபமா?” என்றாள். தங்கச்சி என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள்.

அவள் முகத்துக்கு நேரே ஜன்னல் பலகையைச் சாத்தினேன்.

வெளியே அவள் சிரித்தது கேட்டது. பிறகு பலகையில் தட்டித் தாளம் போட்டாள். உள்ளே இரண்டு கூட்டமும் அந்தத் தாளத்துக்கு ஆடியது. நான் மட்டும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, ஜெயித்துவிட்டதாக...

“ஐயோ, பைப்புல தண்ணி வந்துருச்சுடி! கொடத்த எடு, ஓடு, மேல் லயத்துக்காரி வந்துறப் போறா!”